கொழுந்தனாருக்குச் சொல்லி வெச்ச வீடு

எடுத்த எடுப்புல அப்படி முடிவு கட்டாதம்மா. வேதக்காரங்கன்னு தெரிஞ்சதும் மூஞ்சி மாறிடுச்சு, வீடு இல்லைன்னுட்டாங்கன்னு சொல்றியே, அதுக்குத்தான் இல்லைன்னாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டுக்காரம்மாவுக்கு அன்னிக்குப் பல்வலியா இருந்திருக்கலாம். வயித்துப் பிள்ளையோட நிக்கிற, நாளைக்குக் கைக்குழந்தை வீல் வீல்னு கத்தும், நம்ம தூக்கம் போயிடும்னு நெனைச்சிருக்கலாம். சரி, சரி. இல்லைன்னு நான் சொல்லல. இருக்கலாம்னுதான் சொல்றேன். மொதல்ல உக்காரு. அந்த ஸ்டூல் ஆடும். நாற்காலியிலயே உக்காரு, ஒண்ணும் ஆவாது. கீழ உக்காந்தியானா அப்புறம் உன்னைக் கை குடுத்துத் தூக்கணும், எனக்கு இடுப்பு சரியில்ல.

வீட்டைத்தான் பாத்துட்டியே. ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு, அவ்வளவுதான். குளிக்கப் பின்னாடி தட்டி கட்டியிருக்குது. கெணறு நமக்கும் உங்களுக்கும் பொது. தனி வாசல் இருக்குது பாத்தியா, பக்கவாட்டுல, சந்துப் பக்கமா? அது ஒரு சௌகரியம். நீங்க எப்ப வர்றீங்க எப்ப போறீங்கன்னு நாங்க கேக்க மாட்டோம். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் கம்பெனி வரப்போவுது, கல்லு நட்டாச்சு, வீடு வீடுன்னு ஜனங்க அலையப்போறாங்கன்னு எங்க வீட்டுக்காரர்தான் இந்தப் பின்கட்டை இழுத்துக் கட்டினாரு. கம்பெனியை இன்னும் காணோம். வாடகையா, அது பெரிசில்ல, விடு.

உன் வீட்டுக்காரர் பேரு என்ன? யேசுராஜ். மாட்டுப் பண்ணையில டிராக்டர் ஓட்டறாரா, நல்லது. சர்க்கார் சம்பளம். இப்ப எங்கதான் இருக்கீங்க? மண்டி ஷெட்டுலயா? வெங்காய மூட்டைக்கு நடுவுலயா? கடவுளே. எலி இருக்குமே அங்க. பிள்ளை பொறக்கறதுக்குள்ள ஒரு கூரை வேணும்னு சொல்ற, நியாயம்தான். நியாயம் இல்லைன்னு யாரு சொன்னா?

ஊரு எது? சாமல்பட்டியில எறங்கி உள்ள நடக்கணுமா? ஏரிக்கரையில பெரிய மாதா கோயில் இருக்குமே, அந்த ஊரா? ம். அங்க கோயில்ல நீங்க எந்த வாசல்ல போவீங்க? சும்மாதான் கேட்டேன். வடக்கு வாசலா. ம். இரு, பால் பொங்கிடும், காப்பி கலந்துட்டு வந்துடறேன்.

இந்தா. சூடா இருக்குது, பாத்து. சிக்கரி கொஞ்சம் தூக்கலா இருக்கும். அவருக்கு அப்படித்தான் வேணும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், முடிவு கட்டறது. எங்க வீட்டுக்காரர் அருள்ஜோசப் இருக்காரே, அவரு உன் ஜாதி. கோவிச்சுக்காதே, அந்த ஜாதி இல்ல, உன்னை மாதிரி பட்டுனு முடிவு கட்டற ஜாதி. பெங்களூர்ல ஒரு மெஷின் கம்பெனியில வேலை. தெனம் விடியறப்ப பஸ் ஏறிடுவாரு. போர்மேன் வேலையைக் கிருஷ்ணப்பனுக்குக் குடுத்துட்டாங்க. ஏன்? அவன் கன்னடத்தான், நான் தமிழன்னாரு. கிருஷ்ணப்பன் உங்களுக்கு முன்னாடியே வேலைக்குச் சேந்தவன்தானேன்னேன். அதெல்லாம் சாக்குன்னாரு. கேன்டீன்ல டீ ஆறிப்போயிருந்தா நான் தமிழன். அதே டீயைத்தானே கிருஷ்ணப்பனும் குடிச்சான்னு கேட்டா, அவனுக்கு ஆறின டீதான் பிடிக்கும்பாரு. ஒருநாள் நல்ல மழை, பஸ் நிக்காமப் போயிடுச்சு. டிரைவருக்கு நான் தமிழன்னு தெரிஞ்சிருக்குதுன்னாரு. குடைக்குள்ள நின்னீங்களே, மொகம் எப்படித் தெரிஞ்சிருக்கும்னேன். குடை பிடிக்கற விதத்துலயே தெரியும்னாரு.

சிரிக்கிற. நானும் சிரிச்சேன். ஆனா ஒண்ணு. அந்த மனுஷன் படுத்தா தூங்கிடுவாரு. எல்லாத்துக்கும் ஒரே காரணம் வெச்சிருக்கறவங்களுக்கு நல்லாத் தூக்கம் வரும். எனக்குத்தான் வராது. நான் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் காரணம் தேடறவ. அது கான்வென்ட் குடுத்த புத்தி. யாரையும் தப்பா நெனைக்கறது பாவம், பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும்னு வளத்துட்டாங்க.

ஆமா, கான்வென்ட்டுதான். போர்டிங். ஊர்ல சாமியார் ஒருத்தர் சிபாரிசு பண்ணிச் சேத்துவிட்டாரு. அங்க கிறிஸ்துமஸுக்கு டிராமா போடுவாங்க. எனக்கு மாதா வசனம், ஏஞ்சல் வசனம், ராஜாக்கள் வசனம், எல்லாம் தலைகீழாத் தெரியும். வருஷா வருஷம் எனக்கு மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னாடி நின்னு ஆட்டுக்குட்டி மாதிரி கத்தற வேலை. ஏன் மதர்னு ஒரே ஒரு தடவை கேட்டேன். உன் தொண்டை கணீர்னு இருக்கு குழந்தை, கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்னாங்க. என் தொண்டை கணீர்னுதான் இருக்கும். இப்பவே தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அதனால அது உண்மையா இருக்கலாம். சாப்பலைக் கூட்டறதுக்கு எங்களை மாதிரி நாலஞ்சு பேரைத்தான் கூப்பிடுவாங்க, தாழ்ச்சி கத்துக்கணும்னு. மத்த பொண்ணுங்களுக்குத் தாழ்ச்சி வேண்டாமான்னு எனக்குக் கேக்கத் தோணல. நான் நல்லாக் கூட்டுவேன், மூலை முடுக்கெல்லாம். அதனாலதான்னு நெனைச்சேன்.

காப்பியைக் குடிம்மா, ஆறுது. ஆறின காப்பியைக் குடிச்சுட்டு நாளைக்கு வேற ஏதாவது சொல்லுவே.

கல்யாணமாகிக் கிருஷ்ணகிரியில வீடு தேடினோம். அப்ப அவருக்கு அங்க வேலை. ஒரு வீடு கெடச்சுது. அற்புதமேரின்னு அந்தம்மா பேரு, மாம்பழ வியாபாரம். நம்ம சபை, ஞாயித்துக்கிழமை ஒரே பூசை. என்னைக் கண்டதும் அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கான்வென்ட்டுப் பொண்ணா, இங்கிலீஷ்ல ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு பாப்போம்னாங்க. சொன்னேன். கண்ணுல தண்ணி விட்டுட்டாங்க. வீட்டைச் சுத்திக் காட்டி, அம்மிக்கல் இங்க போட்டுக்க, தொட்டில் கட்டறதுக்கு இந்த வளையம்னு கூரையைக்கூடக் காட்டினாங்க. அப்புறம் பேச்சோட பேச்சா, ஊர்க் கோயில்ல எந்த வாசல்ல போவீங்கன்னு கேட்டாங்க.

வடக்கு வாசல்னேன். படக்குனு. அதுல மறைக்க ஏதாவது இருக்குதுன்னே எனக்குத் தோணல. எங்க பக்கத்துல பெஞ்சு கெடையாது, தரையிலதான் முழங்கால் போடணும், பூசை முடியறதுக்குள்ள காலு மரத்துப்போயிடும்னு சிரிச்சுக்கிட்டே வேற சொன்னேன்.

என்ன அப்படிப் பாக்கறே? ஆமா. நானும் வடக்கு வாசல்தான். சந்தோஷப்படாதே, இன்னும் முடியல.

அந்தம்மா மூஞ்சி மாறவே இல்ல. அதான் விசேஷம். உன்கிட்ட மூஞ்சி மாறிடுச்சுன்னு சொன்னியே, மாறினா பரவாயில்ல, தெரிஞ்சுக்கலாம். அந்தம்மா அதே சிரிப்போட, அடடா, மறந்தே போச்சு பாரு, இதை எங்க கொழுந்தனாருக்குச் சொல்லி வெச்சிருக்கோம், இந்த மாசம் வர்றாருன்னாங்க. போறப்ப முந்தானை நெறைய மாம்பழம் குடுத்தாங்க. நல்ல ஜாதிப் பழம். நான் வீட்டுக்கு வந்து, எவ்வளவு நல்ல மனுஷங்க தெரியுமா, பாவம் கொழுந்தனார் வர்றாராம்னு பழத்தை அறுத்து அவருக்குக் குடுத்தேன். அவரு ஒரு துண்டைக் கையில வெச்சுக்கிட்டு, எந்த வாசல்னு கேட்டாளான்னாரு. எனக்கு வந்துதே கோவம். உங்களுக்கு எதைப் பாத்தாலும் அதே புத்திதானான்னு கத்தினேன். அன்னிக்குப் பூரா அவருகூடப் பேசல. பழம் நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் அந்த வழியா பஸ்ல போறப்பெல்லாம் பாப்பேன். டூ-லெட் அட்டை தொங்கிட்டே இருக்கும். மாம்பழ சீசன் முடிஞ்சு மழை வந்தும் தொங்குச்சு. அப்பவும் நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? கொழுந்தனாருக்கு ஒடம்பு சரியில்லையோன்னு நெனைச்சேன். அவருக்காக ஒரு பரமண்டல மந்திரம்கூடச் சொன்னேன். கேலியில்ல, நெஜமா. இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கொழுந்தனார்னு ஒருத்தர் இருந்தாலும் இருந்திருப்பாரு. மனசு மாறி வராமப் போயிருப்பாரு. அட்டையைக் கழட்ட மறந்திருப்பாங்க. அந்தம்மா ஒரு வார்த்தை நேராச் சொல்லியிருந்தா அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேன். சொல்லலியே.

அதுக்கப்புறம் நானும் உன் மாதிரி ஆயிட்டேன். எல்லாம் கண்ணுல பட ஆரம்பிச்சுது. கடைக்காரன் சில்லறையைக் கையில வெக்காமப் பலகை மேல வெச்சா, ஓகோ. நர்ஸம்மா பேரைக் கூப்பிடாம ஏம்மான்னு கூப்பிட்டா, ஓகோ. அவருக்கு ஒரே குஷி. இப்பத்தான் உனக்குக் கண்ணு தொறந்திருக்குன்னாரு. தொறந்து என்ன பண்ண?

ஓசூருக்கு வந்தோம். நஞ்சம்மா வீட்டைப் பாக்கப் போனேன். நஞ்சம்மாதான், இப்ப எதிர் வீட்டுல வாசல்ல உக்காந்து மொச்சை உரிச்சிட்டிருக்குதே, நீ வர்றப்பப் பாத்திருப்பே. அப்ப அவங்களுக்கு ரெண்டு வீடு, அதுல ஒண்ணைத்தான் பாத்தேன். கன்னடம் பாதி தமிழ் பாதியா நல்லாப் பேசினாங்க. நான் கெளம்பறப்ப வழக்கப்படி குங்குமத் தட்டை எடுத்துட்டு வந்தாங்க. வந்தவங்க என் நெத்தியைப் பாத்தாங்க. வெறும் நெத்தி. தட்டோட அப்படியே திரும்பி உள்ள போயிட்டாங்க. ஒரு வார்த்தை கெடையாது.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. நமக்குக் குங்குமம் வேண்டாம், குடுத்தாலும் வெச்சுக்கப் போறதில்ல. குடுத்திருந்தா, பாரு, வேணும்னே நம்ம வேதத்தைச் சீண்டறாளேன்னு வீட்டுல வந்து சொல்லியிருப்பேன். குடுக்கலைன்னதும், வாசப்படி வரைக்கும் வந்த சுமங்கலிக்குக் குடுக்காமத் தட்டைத் திருப்பிட்டாளேன்னு பத்திக்கிட்டு வந்துச்சு. சொல்லிக்காமக் கொள்ளாமப் படி எறங்கி வந்துட்டேன். அந்த மழைக்காலம் பூரா ஒழுகற வீட்டுலயே கெடந்தோம். ராத்திரி தலைமாட்டுல குண்டான் வெச்சுக்கிட்டுப் படுத்தோம். அந்த வீட்டுப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னுட்டேன்.

ஒருநாள் சந்தையில நஞ்சம்மா என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. ஏம்மா, அன்னிக்கு எதுக்கு அப்படி ஓடிட்டே, வீட்டை யாருக்கும் குடுக்காம உனக்காகப் பூட்டி வெச்சிருக்கேன்னாங்க. நான் வெடுக்குனு, நீங்கதானே தட்டைத் திருப்பினீங்கன்னேன். அவங்களுக்கு முதல்ல புரியவே இல்ல. அப்புறம் தலையில அடிச்சுக்கிட்டாங்க. நீ வேதக்காரப் பொண்ணு, குங்குமத்தை நீட்டினா உங்க பாதிரி திட்டுவாரோன்னு பயந்துட்டேன், பூவாவது குடுக்கலாம்னு கொல்லைக்குப் போயிக் கனகாம்பரம் பறிச்சுட்டு வர்றேன், நீ தெருமுனையில போயிட்டிருக்கே, கூப்பிடக் கூப்பிட திரும்பல, யாரு மேல கோவம்னு தெரியாம அந்தப் பூவைப் பிள்ளையாருக்கு வெச்சேன்னாங்க.

புரியுதா? நல்லவங்கன்னு நெனைச்ச எடத்துல ஏமாந்தேனா இல்லையான்னு தெரியல. ஏமாத்தறாங்கன்னு நெனைச்ச எடத்துல பூ பறிச்சுட்டிருந்திருக்காங்க. இதுல எதைப் பாத்து எதைக் கத்துக்கறது? முழங்கால் போட்டுக்கிட்டே இருந்தா மொதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் பாரு, உனக்குத் தெரியும். அப்புறம் அதுவும் இருக்காது. எனக்கு இப்ப அப்படித்தான் இருக்குது. யாராவது நல்லாப் பேசினாலும் சரி, பேசலைன்னாலும் சரி.

நஞ்சம்மா வீட்டுல ரொம்ப நாள் குடியிருந்தோம். அப்புறம் அவங்கதான் எதிர்லயே எடம் பேசி முடிச்சுக் குடுத்தாங்க, இதைக் கட்டினோம். தெனமும் வருவாங்க. நேரா என் சமையக்கட்டுக்கு வந்து, கொதிக்கற கொழம்பை அவங்களே கரண்டியில எடுத்து உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்து உப்புப் பத்தலைம்பாங்க. நீங்க என்ன ஆளுங்கன்னு ஆரம்பத்துல ஒரு தடவை கேட்டாங்க. வேதக்காரங்கன்னேன். அதோட சரி. அதுக்கு மேல கேக்க அவங்களுக்குத் தெரியாது. நம்ம கோயிலுக்கு ஜாதிக்கு ஒண்ணா ரெண்டு வாசல் இருக்குதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களைப் பொறுத்த வரைக்கும் எல்லாச் சிலுவையும் ஒரே சிலுவை.

உங்கம்மா பேரு லூர்தம்மாள்தானே?

எப்படித் தெரியும்னா கேக்கறே. நீ படி ஏறினியே, ஒரு பக்கமாச் சாஞ்சு, கையை இடுப்புல ஊணிக்கிட்டு. அப்பவே தெரிஞ்சுது. அப்படியே அவதான். எடது புருவத்துல தழும்பு இருக்குமே. நான் புளியங்காய்க்கு விட்ட கல்லு அது. ஆமா, அதே ஊருதான். உனக்கு நான் பெரியம்மா முறை ஆவணும். வாசலைக் கேட்டது ஒரு உறுதிக்கு. எங்கப்பாவை உங்க வீட்டுல யாராவது சொல்லியிருப்பாங்க, கோயில் குழிவெட்டி. செத்தவங்களுக்குக் குழி. கல்லறைத் தோட்டத்து வடக்குச் சுவருக்கு இந்தப் பக்கமும் அவருதான் வெட்டுவாரு, அந்தப் பக்கமும் அவருதான். இந்தத் தெருவுல அவரு கோயில் மணியடிக்கறவருன்னு சொல்லி வெச்சிருக்கேன். பொய்யில்ல. மணியும் அடிச்சாரு.

அழாதே. எழுந்திருக்காதே, இரு. கட்டிப்பிடிக்கறதெல்லாம் வேண்டாம், உக்காரு. நான் சொல்ல வந்ததை முடிச்சுடறேன்.

உனக்குப் பிரசவம்னா உங்கம்மா வருவா. சும்மா வர மாட்டா. உங்க அத்தை, சித்தி, எல்லாரும் கூடையில கருவாடும் களிமாவும் வெச்சுக்கிட்டு வந்து எறங்குவாங்க. லூர்தம்மாளுக்கு என் தொண்டையை விடப் பெரிய தொண்டை. தெருமுனையில இருந்தே, குழிவெட்டி மக வீடு எதுன்னு கேட்டுக்கிட்டுத்தான் வருவா. ஆசையிலதான் கேப்பா. நஞ்சம்மா எழுந்து வந்து வழி காட்டுவாங்க. சாயந்திரத்துக்குள்ள எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க, எந்த வாசல், எந்தப் பக்கம், எல்லாம். வெகுளியாத்தான் கேப்பாங்க.

மறுநாளும் வந்து கொழம்பை உள்ளங்கையில ஊத்திப் பாப்பாங்களா? பாத்தாலும் பாப்பாங்க. கனகாம்பரம் பறிச்சுட்டு வந்த பொம்பளை. வாசலோடயே நின்னு பேசிட்டுப் போனாலும் போவாங்க. அப்பவும் மூட்டுவலின்னு ஒரு காரணம் இருக்கும், நெஜமாவே அவங்களுக்கு மூட்டுவலிதான். எதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு இஷ்டமில்லம்மா. அவ்வளவுதான் விஷயம்.

அதனால வீடு உனக்கு இல்ல.

உன் வயிறு காரணமில்ல, வீட்டுக்காரர் வேலை காரணமில்ல, வாடகை இல்ல, உன் பேச்சுல எதுவும் தப்பில்ல. மண்டி ஷெட்டுல போய்ப் படுத்துக்கிட்டு, நாம என்ன சொல்லிட்டோம், நாற்காலியில உக்காந்தது தப்போ, காப்பியை ஆற விட்டது தப்போன்னு யோசிச்சுட்டுக் கெடக்காதே. நீ வடக்கு வாசல், அதுக்காக இல்லைன்னேன். போர்டிங்ல படிச்சவ, நேராச் சொல்றேன். எனக்கு யாரும் இப்படிச் சொல்லல.

கொழுந்தனாருக்குச் சொல்லி வெச்சிருக்கேன்னு நானும் சொல்லியிருக்கலாம். காலையில பஸ் ஏறறப்ப அவருகூட அதைத்தான் சொல்லச் சொன்னாரு, நம்ம ஊர்ப் பக்கம் யாராவது வந்தா. ஆனா எனக்குக் கொழுந்தனே கெடையாது. அவரு ஒரே பிள்ளை. டூ-லெட் அட்டை என் வாசல்லயும் தொங்கும், பஸ்ல போறப்பப் பாப்பே. எதுக்குத் தொங்குதுன்னு உனக்குத் தெரியும், கொழுந்தனாருக்காக நீ ஒண்ணும் செபம் பண்ண வேண்டாம்.

எழுந்திரு, மெதுவா. கப்பு அங்கேயே இருக்கட்டும், நான் எடுத்துக்கறேன். முன்னாடி போவாதே, நஞ்சம்மா உக்காந்திருக்காங்க, எந்த ஊரு, என்ன உறவுன்னு வாய் நெறையக் கேப்பாங்க. நீயும் சொல்லிடுவே. இந்தப் பக்கத்துக் கதவைத் தொறந்து விடறேன், சந்துல எறங்கி நேராப் போனா மண்டிதான். படி உசரம், பாத்து வை.

என்ன? இந்த வாசல் எந்தப் பக்கமா?

ஆமா. வடக்குதான். கட்டி இவ்வளவு நாளாச்சு, நான் கவனிச்சதில்ல.